மூன்றாவது கடைக்கு முன் சரக்குக் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மசாலா, பருப்பு மொத்த வியாபாரம். கிடங்கு ஒன்று, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கடைகள். அடுத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் திறக்கிறோம். எக்செல் தாங்கவில்லை. சாப்ட்வேர் செய்து தருபவர்கள் மைக்ரோசர்வீஸ்தான் வேண்டும் என்கிறார்கள். வேண்டுமா?"

வேண்டாம் ஐயா. மைக்ரோசர்வீஸ் என்றால் ஒரு சாப்ட்வேரைத் தனித்தனியாக ஓடும் பல சிறு புரோகிராம்களாக உடைப்பது. மூன்று கடைக்கு ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ் போதும். போஸ்ட்கிரஸ் என்ற இலவச டேட்டாபேஸ் இதைவிடப் பல மடங்கு பாரம் தாங்கும். உள்ளே சரக்கு, பில், கணக்கு மூன்றும் தனித்தனிப் பகுதிகளாக இருக்கட்டும். பின்னாளில் எது திணறுகிறதோ அதை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் காசும் கவனமும் போக வேண்டிய இடம் சரக்கு இருப்புதான். சாப்ட்வேர் செய்பவர்கள் பலர் "மிளகாய்த்தூள் 40 மூட்டை" என்று ஓர் எண்ணை வைத்து, அதையே அழித்து அழித்து எழுதுகிறார்கள். ஒரு நாள் லோட்ஷெடிங் (மின்வெட்டு) என்று வைத்துக்கொள்ளுங்கள்; இன்வெர்ட்டர் இருந்தும் இன்டர்நெட் போய்விட்டது. கிடங்குச் சரக்கில் சாட்ஸ்வொர்த் 5 விற்று 35 என்று குறிக்கிறது, ஃபீனிக்ஸ் 8 விற்று 32 என்று குறிக்கிறது. லைன் வந்ததும் கடைசியாக வந்து சேரும் எண்ணே நிற்கும். உண்மையில் இருப்பதோ 27. அந்தக் காலப் பேரேட்டில் யாரும் இப்படி எழுதியதில்லை; வரவுக்கு ஒரு வரி, பற்றுக்கு ஒரு வரி. சாப்ட்வேர் செய்பவர்களிடம் அதையே கேளுங்கள். சரக்கு வருவதும் போவதும் ஒவ்வொன்றும் தனி வரி, அதற்கென்று தனி அடையாள எண். இருப்பு என்பது கூட்டிக் கழித்து வருவது. கடைக் கணினி வரிகளைத் தன்னிடம் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பும். ஒரே வரி இருமுறை வந்தாலும் ஒன்றுதான் பதிவாகும். கடை முப்பது ஆனாலும் இந்த அமைப்பு தாங்கும்.

அப்புறம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. 2018 ஏப்ரல் 1 அன்று அது 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. மார்ச்சில் விற்ற சரக்கு ஏப்ரலில் திரும்பி வந்தால் 14தான் கழிக்க வேண்டும். 2025 மே 1 முதல் 15.5 என்று அரசு அறிவித்து, ஏப்ரல் கடைசியில் கைவிட்டது. அரிசிக்கும் மைசூர்ப் பருப்புக்கும் பூஜ்ஜியம், மசாலாவுக்கு முழு வரி. ஆகவே விகிதம் பொருள்வாரியாக, தேதியோடு தனி அட்டவணையில் இருக்க வேண்டும். புரோகிராமுக்குள் புதைக்கக் கூடாது.

மூல நிரலும் (புரோகிராமர்கள் எழுதிய கோடு) டேட்டாவும் உங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் மட்டும் ஒரு மாதம், எக்செலையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். கூட்டம் உள்ள ஒரு சனிக்கிழமை இன்டர்நெட் ஒயரை நீங்களே கழற்றி, இரண்டு மணி நேரம் பில் போடச் சொல்லுங்கள். மறுபடி மாட்டியதும் கணக்கு பொருந்தினால் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.