கொண்டை போடத் தெரிந்த கை

கனடாவின் கிச்சனர் நகரத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு 18 வருடம் பின்னால் போய்விட்டது. கணவர் லூதியானாச் சீக்கியர், நீங்கள் கோயம்புத்தூர். பெங்களூரில் இருந்தவரை பிள்ளைகளின் தலைமுடி, பிரார்த்தனை, பஞ்சாபி எல்லாம் மாமியார் பொறுப்பு. கனடா வந்து நான்கு மாதம் ஆகிறது. மாமியார் ஊரில், கணவருக்கு இரவு ஷிப்ட். ஆறு வயது மகன் "க்ளாஸ்ல எனக்கு மட்டும்தான்மா கொண்டை, வெட்டிரலாமா?" என்கிறான். பத்து வயது மகள் எதுவுமே கேட்பதில்லை, அது இன்னும் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். இதற்கு நடுவே, ஏப்ரல் சீக்கியப் பாரம்பரிய மாதம், பெற்றோர் யாராவது வந்து வகுப்பில் பேசுங்கள் என்று பள்ளியிலிருந்து தாள். "ஒண்ணுமே தெரியாத நான் போய் என்னத்தக்கா சொல்ல?"

நான் திருநெல்வேலி, வீட்டுக்காரர் ஜலந்தர். இப்போது இருப்பது பிராம்ப்டன். இங்கே பட்கா (கொண்டையை மூடும் சின்னத் தலைத்துணி) கட்டிய பையன் இல்லாத வகுப்பைத் தேடத்தான் வேண்டும். ஆனால் முதல் 10 வருடம் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அங்கே பள்ளி முழுக்க என் மகன் ஒருத்தன்தான். உங்கள் மகன் கேட்டதை அவனும் கேட்டான், அதே ஆறு வயதில்.

முடியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை வரும். இது தினமும் காலை ஏழரை மணிக்கு வரும்.

"எனக்குக் கட்டத் தெரியாது" என்கிறீர்கள். மகளுக்குச் சடை பின்னிய கைதானே? தேங்காய் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடெடுத்துப் பின்னத் தெரிந்தவளுக்கு ஜூடா, அதாவது உச்சிக் கொண்டை, ஒரு பெரிய விஷயமே இல்லை. பையனைக் குனியச் சொல்லுங்கள். முடி முழுவதையும் உச்சிக்குச் சீவி ஒரு பிடியாகப் பிடித்து, முறுக்கிச் சுருட்டினால் நம்ம ஊர்க் கொண்டைதான், இடம்தான் வேறு. அதன்மேல் பட்கா. சதுரத் துணி, நான்கு மூலையிலும் நாடா. முன்பக்க நாடாக்களைப் பின்கழுத்தில் முடியுங்கள், பின்பக்க நாடாக்களை மேலே கொண்டுவந்து கொண்டையைச் சுற்றிக் கட்டுங்கள். நெற்றியில் இறுக்காதீர்கள். நான் அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கி இறுக்கிக் கட்டியதில், ஒருநாள் மதியமே தலைவலி தாங்காமல் பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வந்தான். நெற்றியில் சிவப்பாய் ஒரு கோடு. அன்று இரவு யூடியூபைப் போட்டு ஒரு தலையணையை வைத்துக் கட்டிப் பழகினேன்.

குளிருக்குப் பட்காவின் மேலேயே கம்பளித் தொப்பி போடலாம். சைக்கிள் ஹெல்மெட்டுக்குக் கொண்டை இடைஞ்சல்; அந்த நேரம் மட்டும் பின்கழுத்துப் பக்கம் இறக்கிக் கட்டுவோம். இப்போது கொண்டைக்கு இடம் விட்டுச் செய்த ஹெல்மெட்டே வந்துவிட்டது, ஒன்டாரியோவில் ஒரு சீக்கியத் தாய் தன் பிள்ளைகளுக்காக யோசித்துச் செய்தது. பள்ளிப் பையில் மாற்றுப் பட்கா ஒன்று எப்போதும் இருக்கட்டும். விளையாட்டில் அவிழ்ந்தால் யாரிடம் போக வேண்டும் என்று வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். என் மகனின் கொண்டையை ஒரு பையன் மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொன்னபோது "பிள்ளைகள் விளையாட்டு" என்றார்கள். என் மகள் சடையை யாராவது தினமும் இழுத்தால் அதுவும் விளையாட்டா என்று கேட்டேன். அதன்பிறகுதான் எழுதி வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை காற்றோடு போகும்.

சரி, "வெட்டிரலாமா"வுக்கு என்ன பதில்? மிரட்டாதீர்கள். பாவம், சாமி கண்ணைக் குத்தும் என்று நம் பாணியில் தொடங்காதீர்கள். அங்கே அப்படி ஒரு சாமியும் இல்லை. நாங்கள் செய்தது ஒன்றுதான். சனிக்கிழமை காலை அப்பா தலைப்பாகை கட்டும்போது மகனை உதவிக்கு நிறுத்தினோம். ஐந்தாறு மீட்டர் துணி. ஒருவர் ஒரு முனை, இன்னொருவர் மறுமுனை. இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் சீராக மடிக்க வேண்டும். இதற்குப் பஞ்சாபியில் பூணி என்று பெயர். இவன் பிடித்த முனை சுவரில் இடிக்கும், துணி நழுவும், அப்பா "டைட்டா, டைட்டா" என்பார், சிரிப்பு. இரண்டு மாதத்தில் "அப்பா, பூணிக்கு வரவா?" என்று அவனே கேட்டான். வெட்டும் பேச்சு அப்படியே நின்றது. உங்கள் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் கேளுங்கள். அதற்குக்கூட நேரமில்லை என்றால், தங்கச்சி, சண்டை போடுங்கள். இதை முழுக்க உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மொழிக்கு வருவோம். பஞ்சாபியை எழுதும் குர்முகியில் அடிப்படை எழுத்து 35. நம்முடைய 247-ஐப் பார்த்தவளுக்கு இது ஒரு மாத வேலை. ஊடா, ஐடா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா என்று வரிசை போகும். ஹாஹா வந்தாலே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். க-வுக்கும் க்ஹ-வுக்கும் வித்தியாசம் காட்ட என் நாக்கு இன்றைக்கும் தடுமாறும். ஆனால் ஒன்று தெரியுமா? தண்ணீருக்கு இந்தியில் 'பானி', பஞ்சாபியில் 'பாணீ', நம் மூன்றுசுழி ண. ள-வும் அவர்களிடம் உண்டு. தில்லிக்காரர் தடுமாறும் இடத்தில் நீங்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். என் மாமியார் முதன்முதலில் என்னைப் பாராட்டியது அந்த ண-வுக்குத்தான், அதுவரை சாம்பாருக்குக்கூடப் பாராட்டியதில்லை.

குருத்வாராவில் நடக்கும் குர்முகி வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பின்வரிசையில் நோட்டோடு உட்காருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். உங்களுக்குத் தெரியாது என்பதை மறைக்க வேண்டாம், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து "இது என்ன எழுத்துடா, மறந்துட்டேன்" என்று கேளுங்கள். எல்லாம் தெரிந்த அம்மாவிடம் பிள்ளை ஒப்பிப்பான்; தெரியாத அம்மாவுக்கு வாத்தியாராகிவிடுவான். உங்கள் மகள் எதுவும் கேட்பதில்லை என்றீர்களே, அவளிடம் கேட்க ஆளில்லாமல் இருக்கலாம். தூங்கும் நேரம் கீர்த்தன் சோஹிலா என்று ஒரு பிரார்த்தனை, மொத்தம் ஐந்தே பாடல். மாமியாரை வீடியோவில் வரச் சொல்லி, மகளைக் கூடச் சொல்லவிட்டு, நீங்கள் அவளிடம் பொருள் கேளுங்கள். அவள் பாட்டியிடம் கேட்டுச் சொல்வாள்.

லங்கரில் (குருத்வாராவில் எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாடு) சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது பாதிதான். பிள்ளைகளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். ஆறு வயதுக்குக் கைத்துடைப்பான் தாள் கொடுக்கிற வேலை, பத்து வயதுக்கு ரொட்டி. அங்கே ரொட்டியைப் பர்ஷாதா என்பார்கள். வாங்குகிறவர் இரண்டு கையையும் நீட்டுவார். டாக்டரோ டாக்சி ஓட்டுபவரோ, தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையிடம் இரு கை நீட்டுவதை உங்கள் மகள் ஒருமுறை பார்க்கட்டும். அவளுக்கு மாதா கீவியின் கதையைச் சொல்லுங்கள்: இரண்டாம் குரு அங்கதின் மனைவி, லங்கரை நடத்தியவர். நெய் விட்ட அவருடைய பாயசத்தைப் பற்றி சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபிலேயே வரி உண்டு. பாயசத்துக்காகப் பெயர் வாங்கியவரை நமக்குப் பிடிக்காமல் போகுமா?

பள்ளிப் பேச்சுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒன்டாரியோ 2013-இல் ஏப்ரலைச் சீக்கியப் பாரம்பரிய மாதமாகச் சட்டம் செய்தது, நாடு முழுவதற்கும் 2019-இல் வந்தது. சீக்கியர்களின் பெரிய திருநாளான வைசாகி ஏப்ரலில் வருவதால் அந்த மாதம். 1699 வைசாகியன்று பஞ்சாபின் ஆனந்தபூரில் பத்தாம் குரு கோவிந்த் சிங், தலையைத் தர யார் தயார் என்று கேட்டபோது எழுந்த ஐந்து பேரின் ஊர்களை ஒரு வரைபடத்தில் ஒட்டுங்கள்: லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி, பீதர். பீதர் கர்நாடகத்தில் இருக்கிறது, உங்கள் பிள்ளைகள் வளர்ந்த மாநிலம். அந்த ஊர்க்காரர் சாஹிப் சிங் நாவிதர் குலம் என்பது மரபு. இதைச் சொன்னதும் என் மகன் வகுப்பில் ஒரு பெண் "முடிவெட்டுகிறவரே முடிவெட்டுவதை நிறுத்திவிட்டாரா?" என்று கேட்டாள். அதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் பெரியவரிடமும் கேட்டதில்லை. என் மகன் எழுந்து பதில் சொன்னான். நான் குருத்வாராவில் கொடுக்கும் அல்வாவான கடா பிரசாதம் கிளறி எடுத்துப் போயிருந்தேன். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் ஒரே அளவு. நம்ம கேசரிக்கைக்கு அது தானாக வரும். வகுப்பில் கொடுக்குமுன் ஒவ்வாமை விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. கிச்சனர் மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் சிங் என்ற சிப்பாயின் கல்லறை. 1915-இல் கனடியப் படையில் சேர்ந்து, முதல் உலகப் போரில் காயப்பட்டு, காசநோயில் 1919-இல் இறந்தவர், வயது 25. ஒவ்வொரு நவம்பரும் அங்கே அஞ்சலி நடக்கிறது, நாங்கள் பிராம்ப்டனிலிருந்து காரெடுத்து வருவோம். "நாம புதுசா வந்தவங்க" என்ற நினைப்போடு இருக்கும் பிள்ளை, பனியில் நின்று அந்தக் கல்லைப் படிக்கட்டும்.

கொஞ்சம் பெரியவளானதும் மகளுக்குக் கோமகாட்டா மாரு. 1914-இல் 376 பேரோடு வான்கூவர் வந்த கப்பல், பெரும்பாலும் சீக்கியர்கள். இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 2016-இல்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நான் இதைச் சொன்னபோது ஸ்கார்பரோவிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத் தோழி, 2010-இல் 492 தமிழரோடு வந்த சன் சீ கப்பலைப் பற்றிச் சொன்னார். என் மகள் இரண்டையும் ஒரே தாளில் வரைந்தாள், அது இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

சாஹிப்ஜாதேக்களின் கதைக்கு அவசரப்படாதீர்கள். மதம் மாற மறுத்த குரு கோவிந்த் சிங்கின் இரு சின்ன மகன்களைச் சிர்ஹிந்தில் உயிரோடு சுவர் வைத்து மூடிய வரலாறு அது. டிசம்பரில் குருத்வாராவில் எப்படியும் காதில் விழும். ஆறு வயதுக்கு "பயப்படாமல் 'மாட்டோம்' என்று சொன்னார்கள்" என்பது போதும். 1984-ஐப் பற்றியும் (பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததும், அதே வருடம் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதும்) ஊர்வலப் பதாகைகளைப் பார்த்துக் கேட்பார்கள். அதை அவர்கள் அப்பா சொல்லட்டும், குடும்பம் பார்த்ததைப் பார்த்தபடி.

ஒரு முணுமுணுப்பு. துப்பாக்கி, கார், சாராயம் என்று ஓடும் பஞ்சாபிப் பாட்டுக்கு ஆடினால் பாரம்பரியம் வந்துவிட்டது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பாங்ரா நல்ல ஆட்டம், ஆடட்டும். அது பஞ்சாபித்தனம், சீக்கியம் வேறு.

"என் தமிழ் என்ன ஆகும்?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் 14 காலையில் வேப்பம்பூப் பச்சடி (வேப்பம்பூ இந்தியக் கடைகளில் காய்ந்தது கிடைக்கும்), அதன்பிறகு குருத்வாரா. தீபாவளி காலையில் எண்ணெய்க் குளியல். சாயங்காலம் பந்தி சோட். குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து குரு ஹர்கோவிந்த் வெளியே வந்தபோது, 52 சிற்றரசர்கள் அவர் அங்கியின் 52 குஞ்சங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய நாள். பழைய போர்வையில் நூல் குஞ்சம் கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எண்ணும்போது எப்போதும் ஒன்று குறையும், ஒரு ராஜா உள்ளேயே மாட்டிக்கொண்டார் என்று சண்டை வரும். சண்டை எந்த மொழியில் நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எண்ணுவது பஞ்சாபியில், திட்டுவது திருநெல்வேலியில்.

பட்காத் துணி கடையில் வாங்க வேண்டாம், பருத்தி எடுத்து வந்தால் நான் தைத்துத் தருகிறேன். அடர்நீலத்தில் நான்கு, கறுப்பில் இரண்டு, பள்ளிப் புகைப்படத்துக்கு அவனுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று. நிறத்தை அவனே சொல்லட்டும். என் மகன் அந்த வருடம் மாம்பழ மஞ்சள் கேட்டான்.