டின் சூரையும் சோறில்லாத தட்டும்: கீழக்கரைச் சமையல்காரரிடம் சில கேள்விகள்

சவூதி அரேபியாவின் தம்மாமில் ஒரு தொழிலாளர் குடியிருப்பின் சமையற்கூடத்தில் 19 ஆண்டுகள் கரண்டி பிடித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பெட்டியோடு சர்க்கரை நோயும் வந்து இறங்கியது. ஆறு ஆண்டுகளாக என் தட்டில் சோறு கிடையாது. பேலியோ என்று சொல்லுங்கள், மாவுச்சத்து குறைந்த உணவு என்று சொல்லுங்கள், எதுவானாலும் சரி. டின்னில் அடைத்த சூரை மீனை, அதாவது டப்பாவில் டியூனா என்று எழுதியிருக்குமே அதை, முக்கிய உணவாக்குவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சமையல்காரன், மருத்துவன் அல்லன். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து: கடலை வாசலில் வைத்துக்கொண்டு டின் மீன் தின்பதற்கு வெட்கமாக இல்லையா, அண்ணன்? அது பூனைக்குப் போடுவது அல்லவா?

ஊளியோ பாறையோ துடிக்கத் துடிக்க வந்து இறங்கும் நாளில் டின்னைத் திறந்தால் வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, அப்போது நாட்டுப்படகில் வரும் கொஞ்ச மீனுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். காற்றுக் காலத்திலும் அதே கதை. இரவு ஒன்பது மணிக்குப் பசித்தால் யார் மீன் ஆய்ந்து கொடுப்பார்கள்? எங்கள் ஊரில் பாதி வீடுகளின் அலமாரியில் வளைகுடாப் பார்சலில் வந்த டின்கள் அடுக்கியே கிடக்கின்றன. பூனை கேட்டால் அதற்கும் ஒரு வாய் கொடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து: ஒரு டின்னில் மாவுச்சத்து எவ்வளவு?

தண்ணீரிலோ எண்ணெயிலோ அடைத்த வெறும் சூரையில் மாவுச்சத்து இல்லை. 185 கிராம் டின்னை வடித்தால் கையில் நிற்பது 130 கிராம் அளவுதான். அதில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் கிடைக்கும். கணக்குத் தவறுவது மீனில் அல்ல, கூடச் சேர்ப்பதில். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் 38. யாரும் சந்தேகப்படாத சின்ன வெங்காயத்தில்கூட 100 கிராமுக்கு 17 கிராம் இருக்கிறது. மயோனைஸ் கலந்தது, சாண்ட்விச் பூச்சு என்று விற்பவற்றில் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சாயல்குடியிலிருந்து: எண்ணெயில் அடைத்ததா, தண்ணீரில் அடைத்ததா?

இந்த உணவுமுறையில் கொழுப்பு எதிரி அல்ல, ஆகவே எண்ணெய் டின் தவறில்லை. ஆனால் பெரும்பாலான டின்களில் இருப்பது சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய். அதை வடித்துக் கொட்டும்போது மீனின் நல்ல கொழுப்பும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும். நான் தண்ணீர் டின்னை வாங்கி, வீட்டுச் செக்கெண்ணெயில் சமைக்கிறேன். ருசியும் என் கையில் இருக்கும்.

தேவிபட்டினத்திலிருந்து: சுறாப் புட்டுபோல இதில் செய்யலாம் என்கிறார்கள். நான் செய்தால் வைக்கோல்போல வருகிறது. எங்கே தவறு?

நீங்கள் அதைப் பச்சை மீனாக நினைத்துவிட்டீர்கள். ஆலையில் சூரையை முதலில் ஆவியில் வேகவைத்து, முள்ளும் தோலும் கருஞ்சதையும் நீக்குகிறார்கள். பிறகு டின்னில் போட்டு மூடி, 115 டிகிரிக்கு மேல் மறுபடி சூடேற்றுகிறார்கள். இரண்டு முறை வெந்த மீன் உங்களிடம் வருகிறது. மூன்றாவது முறை கால் மணி நேரம் அடுப்பில் வதக்கினால் வைக்கோல் ஆகாமல் என்ன ஆகும்?

இரண்டு டின் மீனை வெள்ளைத் துணியில் கொட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல் கூடாது. உதிர்த்து மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் பிசிறி வையுங்கள். நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கஞ்சத்தனம் வேண்டாம். சோம்பு வெடித்ததும் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு ஆறு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, பச்சைமிளகாய் மூன்று, எட்டு சின்ன வெங்காயம் மட்டும். மூன்று பேர் பகிர்ந்தால் அந்த வெங்காயக் கணக்கு ஆளுக்கு மூன்று நான்கு கிராமைத் தாண்டாது. வெங்காயம் நன்றாகச் சிவக்கட்டும், மசாலாவின் வேலை முழுவதும் மீன் விழுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பிறகு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். அது பாதி இறுகும்போது மீனைத் தூவி, தீயைக் கூட்டிக் கிளறுங்கள். முதலில் சொதசொதவென்று இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் கரண்டிக்கடியில் சரசரவென்று சத்தம் மாறும், டின் வாடை போய், மாசி என்னும் உலர்த்திய சூரைக் கருவாட்டை வறுத்த மணம் வரும். அந்த நொடியில் இறக்கிவிடுங்கள். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். முட்டையின் ஈரம் மீனைச் சுற்றிக்கொள்வதால் வறண்டு போகாது. சுறாப் புட்டில் முட்டை உண்டா என்று என் மாமியார் கேட்டார். இல்லைதான். அவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏர்வாடியிலிருந்து: உருளைக்கிழங்கு இல்லாமல் கட்லெட் பிடித்தால் கல்லில் போட்டதும் உடைந்துபோகிறது.

உருளைக்கிழங்கு இரண்டு வேலை செய்கிறது: ஒட்ட வைக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது. இரண்டுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். ஒட்டுவதற்கு இரண்டு டின்னுக்கு ஒரு முட்டை. உறிஞ்சுவதற்கு வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து இரண்டு மேசைக்கரண்டி. தட்டியதும் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ரொட்டித்தூளுக்குப் பதில் வெள்ளை எள்ளில் புரட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுங்கள். ஒரு பக்கம் சிவக்கும்வரை திருப்பாதீர்கள். பாதிக் கட்லெட்டுகள் உடைவது பதத்தால் அல்ல, நம் அவசரத்தால்.

பெரியபட்டினத்திலிருந்து: காக்கா (அண்ணன்), டின் மீனில் ஆணம் (குழம்பு) வைக்க முடியுமா? எனக்குக் கரைந்து சேறாகிவிட்டது.

முடியும், உதிரி மீனை விட்டுத் துண்டாக அடைத்த டின்னாகப் பார்த்து வாங்கினால். குண்டு மிளகாயை ஊறவைத்து மல்லி, சீரகத்தோடு அரைத்துக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து மிளகாய் அது. காரத்தைவிட நிறமும் மணமும் அதில் கூடுதல். புளி நெல்லிக்காய் அளவு போதும். எலுமிச்சை அளவு புளியில் மாவுச்சத்து 15 கிராமைத் தாண்டிவிடும், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் காய் வேகட்டும். கெட்டிப்பால் ஊற்றி நுரைகட்டும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, மீன் துண்டுகளை மேலே அடுக்கி மூடுங்கள். பத்து நிமிடம் கரண்டி போடக் கூடாது. ஆணத்தின் சூடே போதும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்கள்.

மண்டபத்திலிருந்து: என் வீட்டுக்காரர் சோறில்லாமல் சாப்பிட்டால் சாப்பிட்டதாகவே ஒப்புக்கொள்வதில்லை. என்ன செய்வது?

காலிஃபிளவரைத் துருவி, மூடாமல் மூன்று நிமிடம் வாணலியில் புரட்டுங்கள். மூடினால் கஞ்சியாகும். அதில் முட்டையும் சூரையும் மிளகும் போட்டுக் கொத்தினால் கொத்துப் பரோட்டாக் கடையின் சத்தமாவது கிடைக்கும். சோறு என்று சொல்லி ஏமாற்றாதீர்கள், முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். கொத்து என்றே சொல்லிப் பரிமாறுங்கள். அடிக்கடி பசிக்கிறது என்றால் குறை சோற்றில் இல்லை, கொழுப்பில்தான். தண்ணீர் டின் சூரையில் கொழுப்பு மிகக் குறைவு. அரை மூடித் தேங்காயோ இரண்டு முட்டையோ சேராமல் அது வயிற்றில் நிற்காது. துருவிய தேங்காயில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 15 என்றாலும் அதில் 9 கிராம் நார்தான். பயப்படாமல் போடுங்கள்.

தொண்டியிலிருந்து: சூரை சாப்பிட்டால் எனக்கு உடம்பு தடித்து அரிப்பெடுக்கும். டின் சூரை சாப்பிடலாமா?

நம் கரையில் சூரையை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். பல சமயம் குற்றம் மீனின் மேல் இல்லை, ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்ததன் மேல். சூரைச் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது, வாடையிலும் தெரியாமல் போகலாம். கெட்டுப்போன மீனை அடைத்த டின்னிலும் இது வரும், திறந்து வெளியே வைத்த டின்னிலும் வரும். ஆனால் நல்ல மீனை எந்த வடிவில் சாப்பிட்டாலும் ஒவ்வொரு முறையும் அரிக்கிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்காமல் டின்னை வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கீழக்கரையிலிருந்து: மருமகள் உண்டாகியிருக்கிறாள். டின் சூரை கொடுக்கலாமா?

பாதரசம்தான் கேள்வி. பெரிய மீனில் அதிகம் சேரும். டின்னில் பெரும்பாலும் வரும் ஸ்கிப்ஜாக் சின்ன வகை. லைட் டியூனா என்று எழுதியிருப்பதைக் கர்ப்பிணிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு 113 கிராம் அளவில் சாப்பிடலாம் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. வெள்ளைச் சதை அல்பகோர் என்றால் வாரம் ஒரு வேளை, அந்த வாரம் வேறு மீன் வேண்டாம். ஆனால் பிள்ளை உண்டானவளுக்குச் சோற்றை நிறுத்தும் யோசனை உங்களுடையதா, மருத்துவருடையதா? உங்களுடையது என்றால் விட்டுவிடுங்கள்.

வாலிநோக்கத்திலிருந்து: நோன்புக் காலத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குச் சூரையும் முட்டையும் சாப்பிட்டேன். பகல் முழுக்கத் தாகம்.

உப்பு. டின்னிலேயே உப்பு இருக்கிறது, நீங்களும் போட்டிருப்பீர்கள். வடித்த மீனை ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்தால் உப்பு கணிசமாகக் குறையும். சமையலில் உப்பே போடாமல் கடைசியில் ருசி பாருங்கள். கூடவே வெள்ளரிக்காய் வையுங்கள்.

பரமக்குடியிலிருந்து: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாளையிலிருந்தே சோற்றை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

நாளையிலிருந்து வேண்டாம். முதலில் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். எனக்கே இரண்டாம் வாரத்தில் கை நடுங்கி, சந்தைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். சிறுநீரகக் கோளாறோ கூடுதல் யூரிக் அமிலமோ இருந்தால் இவ்வளவு மீன் புரதமே உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

இராமேஸ்வரத்திலிருந்து: எங்கள் வீட்டில் டின் மீன் என்றால் இலங்கையில் சாப்பிட்ட கானாங்கெளுத்தி டின்தான். அது ஆகாதா?

நன்றாகவே ஆகும். சூரையைவிடக் கொழுப்பு அதிகம், பசி தாங்கும், முள்ளும் மென்று விழுங்கும் பதத்தில் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். தக்காளிச் சாற்றில் அடைத்ததை மட்டும் படித்துப் பாருங்கள், சர்க்கரை சேர்த்திருக்கலாம். சம்பலுக்கு மாசி கிடைக்காத நாளில் பிழிந்த சூரையை எண்ணெயில்லாச் சட்டியில் பொரபொரவென்று வறுத்து இடித்துப் போடுங்கள். மாசி ஆகாது, ஆனால் மாசியின் தம்பி ஆகும்.

திருப்புல்லாணியிலிருந்து: டின்னைத் திறந்து மீதி வைக்கலாமா? நசுங்கிய டின்?

திறந்ததும் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள். உப்பிய டின், கசியும் டின், விளிம்போ தையலோ நசுங்கிய டின், திறக்கும்போது பீய்ச்சும் டின், எதையும் ருசிகூடப் பார்க்காமல் எறியுங்கள்.

மறுபடி கீழக்கரையிலிருந்து: காக்கா, ஆறு ஆண்டில் ஒரு துண்டு தொதல்கூடச் சாப்பிடவில்லையா?

எங்கள் ஊர் இனிப்பான தொதலில் தேங்காய்ப்பால் எனக்கு ஆகும். அரிசி மாவும் கருப்பட்டியும் ஆகாது. மகள் கல்யாணத்தில் ஒரு துண்டு சாப்பிட்டேன். இரண்டு துண்டு என்று என் மனைவி சொல்கிறார். மறுநாள் காலை சர்க்கரை மீட்டர் அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது.