கிழித்த தாளின் மறுபாதி

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வங்கியொன்றில் வேலை. வரைந்து பழகவென்று விலைகூடிய சித்திரக் கொப்பி ஒன்று வாங்கினேன். சென்ற ஞாயிறு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை வரைந்தபோது அதன் சிவப்பு வெள்ளைப் பட்டிகளெல்லாம் சரிந்துபோனதால் தாளைக் கிழித்துவிட்டேன். இப்படியே பல தாள்கள் போய்விட்டன. இப்போது வெறுந்தாளைக் கண்டாலே கை நடுங்குகிறது. பழகுவதற்கு எந்தப் பேனா, எந்தத் தாள் நல்லது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பேனா எதுவானாலும் சரி. மை ஊறாத தடித்த தாளாக இருந்தால் போதும். கை நடுக்கம் வரைய வரையப் போய்விடும். என்னால் பொறுக்க முடியாதது நீங்கள் தாளைக் கிழித்ததைத்தான்.

தையல் போட்ட கொப்பியில் ஒவ்வொரு தாளும் நடுவில் மடித்த பெரிய தாளொன்றின் பாதி. ஒன்றைக் கிழித்தால், நூலில் பிடிப்பில்லாமல் மறுபாதியும் ஒருநாள் கழன்று விழும். இன்னும் வரையாத படமொன்றின் இடத்தையும் சேர்த்தல்லவா கிழித்திருக்கிறீர்கள்! யாருக்குப் பயந்து? அந்தப் பக்கத்தைக் கலா பொல ஓவியச் சந்தையில் தொங்கவிட்டு விற்கப்போகிறீர்களா? உங்கள் வங்கிப் பேரேட்டில் ஒரு பதிவு பிழைத்தால் குறுக்கே கோடிட்டுச் சுருக்கொப்பம் வைப்பீர்களே தவிர, தாளைக் கிழிக்கத் துணிவீர்களா?

வெளிநாடு போன நண்பர் ஒருவர், கோட்டை ரயில் நிலையத்தில் காத்திருந்த நேரங்களில் வரைந்த கொப்பிகளை என்னிடம் விட்டுச்சென்றார். உங்கள் கடிதம் வந்தபோது அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கச்சான் விற்பவரின் கை மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது. முதலாவதில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. இரண்டாவதில் பெருவிரல் எங்கோ விலகி நிற்கிறது. மூன்றாவதில்தான் அது கடதாசிச் சரையின் அடியைத் தாங்குகிறது. முன்னைய இரண்டையும் அவர் கிழித்திருந்தால், பெருவிரலின் வேலையை அவர் கண்டுபிடித்த இடம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலிருந்து வரைவதுபோல இருக்கிறது.

சரி, சரிந்த பட்டிகளுக்கு வருகிறேன். 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலை, ஒடுங்கிய இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று பக்கவாட்டில் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கண்மட்டத்துக்கு மேலிருக்கும் கிடைக்கோடுகள் தூரம் போகப்போகக் கீழிறங்கித்தான் தெரியும். உயரே இருப்பவை இன்னும் செங்குத்தாக இறங்கும். உங்கள் கண் கண்டதைக் கை ஒழுங்காகத்தான் போட்டிருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று, பென்சிலைக் கிடையாகக் கண்ணுக்கு நேரே நீட்டி, பட்டிகள் எவ்வளவு சரிகின்றன என்று ஒத்துப்பாருங்கள். கிழித்த தாள் இன்னும் குப்பைக் கூடையில் கிடந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.