வழக்கறிஞரின் இணையதளம்: எது அனுமதி, எது விளம்பரம்?

கேள்வி: மதுரையில் ஆறு ஆண்டுகளாகத் தனியாக அலுவலகம் வைத்து வழக்கு நடத்தி வருகிறேன். பெரும்பாலும் குடும்பநல வழக்குகளும் சொத்து வழக்குகளும்தான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்று இணையதளம் அமைத்துத் தருவதாகவும், கூகுளில் கட்டண விளம்பரம் போட்டு, 'மதுரையின் நம்பர் ஒன் விவாகரத்து வழக்கறிஞர்' என்று என்னைக் காட்டுவதாகவும், அதன் வழியாக வரும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு தொகை கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறது. சக வழக்கறிஞர்கள் சிலர் இப்படிச் செய்வதாகத் தெரிகிறது. நானும் செய்யலாமா?

பதில்: இணையதளம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டண விளம்பரம், 'நம்பர் ஒன்' பட்டம், தலைக்கு இவ்வளவு என்ற கூலி ஆகிய மூன்றையும் மறுத்துவிடுங்கள்.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36ஆம் விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை தேடிப் போவதையும் விளம்பரம் செய்துகொள்வதையும் தடை செய்கிறது. சுற்றறிக்கை அனுப்புவது, தரகரை ஏவுவது, தாம் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்லிப் படம் கொடுப்பது எல்லாமே அதில் அடங்கும். பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதில் சங்கத் தலைவர் என்றோ, முன்னாள் நீதிபதி என்றோ, இன்ன வழக்கில் வல்லவர் என்றோ எழுதக் கூடாது. (நீதிமன்றத் தெருக்களில் தொங்கும் பலகைகளைப் பார்த்தால் இப்படி ஒரு விதி இருப்பதாகவே தோன்றாது, அது வேறு கதை.)

உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கையொட்டி 2008ஆம் ஆண்டில் இந்த விதியில் ஒரு சிறு கதவு திறக்கப்பட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்த வழக்கறிஞர் சங்கம், கல்வித் தகுதி, தொழில் செய்யும் துறைகள் ஆகியவற்றை, அவை உண்மை என்ற உறுதிமொழியோடு, இணையதளத்தில் வெளியிடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாசலில் மாட்டும் பலகையில் எழுத முடியாத துறையை இணையதளத்தில் எழுதிவிடலாம். ஆகவே 'குடும்பநல வழக்குகள், சொத்து வழக்குகள்' என்று நீங்கள் தாராளமாகக் குறிப்பிடலாம். அதையே 'விவாகரத்து நிபுணர்' என்று மாற்றினால், தகவல் தற்புகழ்ச்சியாகிவிடுகிறது. ஜெயித்த வழக்குகளின் பட்டியல், கட்சிக்காரர்களின் பாராட்டு, 'முதல் ஆலோசனை இலவசம்' என்ற அறிவிப்பு ஆகியவையும் அனுமதித்த பட்டியலில் இல்லை.

மற்றவர்கள் செய்கிறார்களே என்ற சமாதானம் இப்போது செல்லாது. இணையச் சேவைத் தளங்களில் வழக்கறிஞர்கள் செய்துகொள்ளும் விளம்பரம் பற்றிய வழக்கில், 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு, அப்படி விளம்பரம் செய்வோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்கு வழிகாட்டுதல் வழங்குமாறு இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர்களுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. புகார் நிரூபணமானால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி கண்டனமோ, தொழில் செய்யத் தற்காலிகத் தடையோ, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கமோ வரலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்தக் கமிஷன்தான். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 45ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வழக்கறிஞரிடம் பணம் பெற்றுக்கொண்டு அவருக்கு வழக்குப் பிடித்துத் தருபவரை அது தரகர் என்கிறது. அத்தகையவர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. நீதிமன்ற வாசலில் நிற்கும் ஆளும், திரைக்குப் பின்னால் இருந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் நிறுவனமும் செய்யும் வேலை ஒன்றேதான் என்று ஒரு புகார்தாரர் வாதிட்டால், அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. இணையதளம் அமைக்கவும் பராமரிக்கவும் ஒரு நிலையான தொகை கொடுங்கள், அதில் தவறில்லை.

கூகுள் வரைபடத்தில் அலுவலகத்தின் பெயர், முகவரி, எண் ஆகியவை மட்டும் இருப்பது என் கருத்தில் பெயர்ப்பலகைக்குச் சமம். நீங்களே கேட்டு வாங்கிப் போடும் மதிப்புரை அப்படியல்ல. கோபத்தில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினாலும், 'உங்கள் ஜீவனாம்ச மனுவில் நீங்கள்தான் சம்பளச் சான்று தரவில்லை' என்று பதில் எழுதிவிடாதீர்கள். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு சொல்கிறது. அவர் உங்களைத் திட்டிவிட்டார் என்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

தொழில்நுட்பத்துக்குச் செலவிட வேண்டுமென்றால், கையில் இருக்கும் கட்சிக்காரர்களுக்காகச் செலவிடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணை (சிஎன்ஆர்) நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் ஏற்றி வைத்தால், மறுவாய்தா தேதியை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். வழக்கு விசாரணைக்கு வந்த நாளின் மாலையே குமாஸ்தா மூலம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: 'ஐயா, இன்று எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய அவகாசம் கேட்டது. அடுத்த வாய்தா 14ஆம் தேதி. நீங்கள் வரத் தேவையில்லை. அதற்குள் வில்லங்கச் சான்றிதழைக் கொண்டுவந்து தரவும்.' ஏற்கெனவே வக்காலத்து கொடுத்தவருக்குச் சொல்லும் செய்தி இது. 36ஆம் விதி இதைத் தொடாது. வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அலைவதுதான் கட்சிக்காரர்களின் பெரிய குறை என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அலைச்சலைத் தவிர்த்த வக்கீலை அவர் தன் மைத்துனருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்வார். அதை எந்த விதியும் தடுக்கவில்லை.

நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடும்போது, இணையதள முகவரி உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். தொடர்புப் படிவத்தில் மக்கள் எழுதும் விவரங்கள் நிறுவனத்துக்குப் போகாமல் உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டுமே வர வேண்டும். நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தராத ஒரு வரியும் தளத்தில் ஏறக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். அவர்கள் எழுதிய வாசகத்துக்கும் பார் கவுன்சிலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.