படகிலேயே தங்கியிருக்கும்போது கேமராவை ஈரத்திலிருந்து காப்பாற்றுவது எப்படி?

கேட்டிருப்பதைப் பார்த்தால் சேர்த்துவைத்த காசில் வாங்கிய முதல் கேமரா போலிருக்கிறது. நான் கேமரா நிபுணன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீன்பிடித் தொழிலாளி. கொச்சியிலிருந்து புறப்பட்டால் ஒரு மாதம், நாற்பது நாள் படகுதான் வீடு. பட்டதைச் சொல்கிறேன்.

முதல் தங்கலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போனபோது கேமராவை அதோடு வந்த பஞ்சு வைத்த பையிலேயே போட்டு, கூடவே ஒரு கிலோ அரிசியையும் துணியில் கட்டி வைத்தேன். எல்லோரும் சொன்னார்களே என்று. கரைக்கு வந்து லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஓடியிருந்தது. பூஞ்சை. காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றாலே அதற்குக் கொண்டாட்டம். நனைந்த பஞ்சு வேறு ஈரத்தை விடவே விடாது. அரிசி ஒன்றும் கிழிக்கவில்லை. அதன் தூள் ஜூம் வளையத்தில் ஏறிக் கறகறத்ததுதான் மிச்சம். (அரிசியால் என் போன் பிழைத்தது என்று யாராவது வருவீர்கள். இருக்கட்டும்.)

இப்போது ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத டப்பா. உள்ளே ஈரத்தைக் குடிக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ, ஒரு சின்ன ஈரப்பதமானி. அது 40-க்கும் 50-க்கும் நடுவில் காட்டினால் நிம்மதி. ஜெல்லில் நான் வாங்குவது ஆரஞ்சு நிற மணி. ஈரம் குடித்தால் பச்சையாகும், சிறு தீயில் சட்டியில் போட்டுக் கிளறினால் மறுபடி ஆரஞ்சு. அதற்கென்று தனிச் சட்டி வேண்டும். மிளகாய் வறுக்கிற சட்டியை எடுத்துவிட்டு, சமையல் பார்க்கும் அண்ணனிடம் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

டப்பாவில் வைக்கும்முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒட்டியிருக்கும் உப்பே ஈரத்தை இழுக்கும். உங்கள் படகில் ஏசி இருந்தால், வெளியே கொண்டுவந்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வேர்த்துவிடும்.

அந்த லென்ஸைப் பிரித்துத் துடைக்கக் கடைக்காரர் கேட்டது அதன் விலையில் பாதி. அதைவிட, “மீன் பிடிக்கப் போறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, கரையோடு பேச வழியில்லாமல் எங்கள் ஆட்கள் நடுக்கடலில் கிடந்தார்கள். தப்பி வந்தவர்களிடம் “வீடியோ ஏதாவது எடுத்தீங்களா?” என்று மைக்கை நீட்டியவர்களும் கரையாட்கள்தான். அப்போது மட்டும் எங்கள் கையில் கேமரா இருந்திருக்க வேண்டுமாம்.