இரவு பஸ்ஸில் போய் ஒன்பது மணிக் கூட்டத்தில் உட்காரும் தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் திருகோணமலையில் ஒரு கம்பனியின் கிளையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தரம் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். இரவு பஸ் எடுத்து விடியப்புறம் இறங்கி, ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் இருந்து, அன்றிரவே திரும்பி மறுநாள் வேலைக்கும் போகிறேன். அதன்பின் இரண்டு நாளைக்குத் தலையிடி. அடுத்த மாதம் முதல்முறையாகச் சென்னைக்கும் அனுப்புகிறார்கள். எப்படிச் சமாளிப்பது? (உப்புவெளி வாசகி)

தங்கச்சி, பதினேழு வருஷம் நானும் இதே ஓட்டம்தான் ஓடினேன். அதில் முதல் ஐந்து வருஷம் அச்சொட்டாக நீங்கள் எழுதியிருப்பது போலவே, இரவு போய் இரவு வந்து, அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டு.

முதலில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். போகும்போது பகலில் போங்கள், வரும்போது இரவில் வாருங்கள். கொழும்பு நமக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று தெருவால் போக ஆறு ஏழு மணித்தியாலம் எடுக்கும், அதுவும் ஒன்றும் குறுக்கே வராவிட்டால். ஒருமுறை ஹபரணைக்கு இந்தப் பக்கம் ஒரு தனியன் யானை நடுத்தெருவில் நின்றுவிட்டது. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை, பஸ்ஸுக்குள் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அது காதை ஆட்டிக்கொண்டு நிற்க, எங்களுக்குப் பின்னால் வாகனம் வாகனமாக வரிசை கட்ட, முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் இது நடந்தால் வீட்டில் சொல்ல ஒரு கதை, அவ்வளவுதான். போகும் வழியில் நடந்தால், அழுக்குச் சட்டையோடு பத்து மணிக்குக் கூட்டத்துக்குள் நுழைந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு நடந்தது இரண்டாவது.

"ஒரு இரவு லொட்ஜ் காசு கம்பனி தருமா?" என்று கேட்பீர்கள். கேட்டால்தானே தருவார்கள். மேலாளரிடம் முறைப்பாடு மாதிரிப் போய் நிற்காமல் கணக்காகச் சொல்லுங்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்: "சேர், முதல் நாள் மதியம் புறப்பட்டு வந்தால் காலையில் முழுமையாகக் கூட்டத்தில் இருக்கலாம், அடுத்த நாள் அரை லீவும் தேவைப்படாது. முடியாவிட்டால் கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைக்கலாமா?" பாதி நேரம் பதினொரு மணி என்றே பதில் வரும். ஒன்பது மணி என்பது கொழும்பில் இருப்பவருக்கு வசதியான நேரம், அவ்வளவே. தூரத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்பது பலருக்கு நாங்கள் சொன்னால்தான் ஞாபகம் வரும்.

சரி, இரவில் போயே ஆகவேண்டிய நாளும் வரும். அன்றைக்கு என் வாக்கு ரயிலுக்குத்தான். கல்ஓயா சந்தியால் சுற்றிக்கொண்டு போவதால் பஸ்ஸை விட நேரம் எடுக்கும், குலுக்கவும் செய்யும், ஆனால் கழிவறை இருக்கிறது. இதை ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் காணமாட்டீர்கள். பஸ் எங்கே நிறுத்துவானோ என்று பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறுவோமே, உங்கள் தலையிடியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது என்பது என் சந்தேகம். ரயில் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வெள்ளைக்காரர் நிலாவெளிக்கு வரும் மே முதல் செப்டெம்பர் வரையிலும், போயாவோடு, அதுதான் பௌர்ணமி விடுமுறையோடு, சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளிலும் கடைசி நேரத்தில் கிடைக்காது. நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலேயே கேட்கலாம். பஸ்தான் என்றால் நடுப்பகுதியில் இடதுபக்க ஆசனம் கேளுங்கள், எதிரே வரும் லொறி வெளிச்சம் கண்ணில் அடிக்காது. ஏசி பஸ்ஸுக்கு ஒரு சால்வை, சொல்லத் தேவையில்லை.

இருட்டோடு கொழும்புக் கோட்டை ரயில் ஸ்டேசனில் இறங்கினால் உடனே ஓட்டோ பிடித்து ஓடாதீர்கள். வெளிச்சம் வரும்வரை ஸ்டேசனுக்குள்ளேயே ஆட்கள் இருக்கும் இடமாகப் பார்த்து இருந்துவிட்டு, காலையில் கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போங்கள். அங்கே குளித்து உடுப்பு மாற்ற அரைநாள் வாடகைக்கு அறை தரும் லொட்ஜ்கள் உண்டு, இறங்கினால் இடியப்பமும் சொதியும். ஒரு லொட்ஜைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒரு போன் கோல் போதும்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது சார்ஜர், பற்தூரிகை, பனடோல், சித்தாலேப, ஒரு சோடி உள்ளுடுப்பு இவற்றை அந்தப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அதைவிட பில்தான் முக்கியம். கடையில் தரும் அந்த மினுமினுப்பான பில் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். வாங்கிய இடத்திலேயே போனில் படம் எடுத்து, என்ன செலவு என்று ஒரு வரி எழுதி உங்களுக்கே அனுப்பி வையுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்டுவது எனக்கு யானையை விடப் பெரிய தொல்லையாக இருந்தது.

அப்புறம் சென்னை. எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையம் என்றுதான் சொல்வார்கள், யாழ்ப்பாணத்துப் பலாலியையும் ஒருக்கால் பாருங்கள். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, அங்கிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் தூரம் கொழும்பு போவதை விடக் குறைவுதான், நகர நெரிசலும் இல்லை. சின்ன விமானம் என்பதால் பெட்டியின் எடையை மட்டும் டிக்கெட்டில் முதலே பார்த்துவிடுங்கள். கட்டுநாயக்கதான் என்றால் கொழும்புக்குள் போகவே தேவையில்லை, குருநாகலிலிருந்து மினுவாங்கொடைப் பக்கமாக இறங்கலாம்.

இந்திய விசாவை இணையத்தில் எடுக்கலாம், ஆனால் வேலைக் கூட்டத்துக்குப் போகும்போது சுற்றுலா விசா எடுக்காதீர்கள், வணிக விசா என்று தனியாக இருக்கிறது. இந்திய அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைத்தால் திறக்கச் சொல்வார்கள். நம்முடைய சதுரக் கால் பிளக் அங்கே சுவரில் ஏறாது, மாற்றியை இங்கே மின்சாமான் கடையிலேயே வாங்கி அந்தப் பைக்குள் போட்டுவிடுங்கள்.