மறந்தவள் கையை இழுத்துக்கொண்டது ஏன்?

கேள்வி: ஐயா, நான் எழுதிவரும் காதல் மர்மத் தொடர்கதையில், விபத்தில் தலையில் அடிபட்ட நாயகி தன் பெயர், காதலன், தான் கண்டறிந்த சதி அனைத்தையும் மறந்துவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் மீண்டும் அடிபட்டதும் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. இது நம்பும்படி இருக்குமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டாவது அடியை நீக்கிவிடுங்கள், அம்மா. அது மூளைக்கு மேலும் கேடு செய்யுமே தவிர, இழந்ததை மீட்டுத் தராது. தலைக்காயத்தால் வரும் மறதியில் பழைய நினைவுகளே பெரும்பாலும் முதலில் திரும்புகின்றன. அடிபடுவதற்குச் சற்று முன் நடந்தவை பல நேரங்களில் திரும்புவதே இல்லை. ஆகவே, அவள் காதலனை அறிந்திருந்தும், சதியைக் கண்டறிந்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் இழந்திருந்தால் போதும். காதலனே அந்தச் சதியில் இருக்கிறானா என்ற ஐயமும் அங்கேதான் பிறக்கும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் எடுவார் கிளாப்பரேட் 1911இல் பதிவுசெய்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். புதிதாக எதையும் நினைவில் வைக்க இயலாத ஒரு பெண்ணுடன் கைகுலுக்கியபோது, அவர் தம் விரல்களுக்கிடையே மறைத்திருந்த குண்டூசியால் அவளைக் குத்தினார். குத்தியது சிறிது நேரத்தில் அவளுக்கு மறந்துபோனது. ஆனால் பிறகு அவர் கையை நீட்டியபோது, சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். காரணம் கேட்டபோது, ஊசி குத்தியது தனக்கு நேர்ந்த ஒன்றாக அவளால் நினைவுகூர்ந்து சொல்ல முடியவில்லை.

உங்கள் நாயகியும், பரிவோடு நலம் விசாரிக்க வந்த ஒருவர் நீட்டிய கையைக் கண்டு, காரணம் அறியாமலேயே ஒதுங்கட்டும். வாசகரின் சந்தேகம் அந்தக் கையைப் பின்தொடரத் தொடங்கிவிடும்.